ஏரிக்கரைச் சிற்றாலய மடல்: குடத்தில் விழுந்த பெயர்கள்



 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென அச்சிட்டு வரும் வாழ்த்து அட்டைகளில் பனி மூடிய கூரைகளையும், வெண்மை போர்த்த மரங்களையும் காண்கின்றோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ப் பகுதியில் வாழும் நமக்கு அத்தகைய குளிர்காலம் தெரியாது. ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குப் பின் ஏரி நிரம்பி, கலங்கல் வழியே உபரி நீர் ஓடும் ஓசை இரவு முழுவதும் கேட்கும். சம்பா நெல் கதிர் முற்றித் தலை சாய்க்கும். நவரைப் பட்டத்திற்கு நாற்றங்கால் ஒருபுறம் ஆயத்தமாகும். விடியற்காலையில் மூடுபனியால் எதிரே வருபவர் முகம் தெரியாது. குரலைக் கொண்டே இன்னார் என அறிந்து "ஸ்தோத்திரம்" சொல்லிக் கொள்வோம். இதுவே நமது குளிர்காலம்.

நமது சிற்றாலயம் ஒரு கிளைக் கிராமத்து ஆலயம் என்பதை இம்மடலைத் தொடர்ந்து படிப்போர் அறிவர். இருபத்தேழு குடும்பங்கள், ஒரு மணி, சிமெண்டுத் தகடு வேய்ந்த ஒரு கூரை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். நம்மிடையே தங்கி வாழும் குருவானவர் இல்லை. நிலையாக உள்ளவர் உபதேசியார் ஐயா ஒருவரே. அவருக்கும் வயது எழுபத்தொன்று.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நமது கிராமத்தில் ஆண்டுதோறும் எழும் ஒரு மனக்குறை உண்டு. "எல்லா ஊரிலும் நள்ளிரவுப் பூசை, நமக்கு மட்டும் மறுநாள் மாலைப் பூசை" என்பதே அது. அக்குறை இவ்வாண்டு எவ்விதம் தீர்ந்தது, அதற்கு முன் நாம் வேறு எதைத் தீர்க்க வேண்டியிருந்தது என்பதையே இம்மாதம் எழுதுகின்றோம். நமக்குப் பெருமை தராத செய்தியும் இதில் உண்டு. எனினும் மறைப்பதற்கில்லை.

மழைச் செய்தி

முதலில் மழை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தை இப்பகுதியில் மறந்தவர் இலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல் என்று, அடுத்தடுத்து வந்த மழைகள் நம் மக்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டன. வானம் கறுத்தால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் ஏரிக்கரைக்குச் சென்று காவல் இருப்பர். இதில் கோவில் தெரு, காலனித் தெரு, கடைத் தெரு என்ற வேற்றுமை பார்ப்பதில்லை. கரை உடைந்தால் தண்ணீருக்குத் தெருவின் பெயர் தெரியாதன்றோ!

இவ்வாண்டும் கார்த்திகைக் கடைசியில் இரண்டு இரவுகள் அவ்வாறு காவல் இருந்தோம். கரைக்கு ஊறு நேரவில்லை. ஆனால் நமது ஆலயக் கூரையில் இரண்டு தகடுகள் விரிசல் கண்டு, பீடத்தின் இடப்பக்கம் ஒழுகிற்று. தேவமாதா சுரூபத்தின் மீது நீர் சொட்டாதபடி, கோவிற்பிள்ளைப் பெரியவர் தமது குடையை விரித்து மேலே கட்டி வைத்திருந்ததைக் கண்டு சிறுவர் சிரித்தனர். பெரியோர்க்குச் சிரிப்பு வரவில்லை. கூரைக்குப் பணம் வேண்டும். பணம் என்றால் வசூல் வேண்டும். வசூல் என்றதும் மூன்று ஆண்டுகளாகப் பேசாமல் வைத்திருந்த ஒரு பேச்சு தலைதூக்கிற்று. அதைப் பின்னர்ச் சொல்கின்றோம்.

குருவானவர் ஏன் வர இயலவில்லை?

நள்ளிரவுப் பூசை இல்லாக் குறையை நம் இளைஞர்கள் சற்றுக் கடுமையாகவே பேசி வந்தனர். எனவே திருவருகைக் கால முதல் வாரத்தில் நமது பங்குத் தந்தை அவர்களே வந்து எல்லோரையும் அமர்த்தி விளக்கினார்கள். அவ்விளக்கம் மற்றக் கிளைக் கிராமங்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகின்றோம்.

பொதுவாக ஒரு குரு நாளொன்றுக்கு ஒரு திருப்பலியே நிறைவேற்ற வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. குருக்கள் குறைவாக உள்ள இடத்தில் ஆயரின் அனுமதியுடன் இரண்டும், ஞாயிறுகளிலும் கடன் திருநாட்களிலும் உண்மைத் தேவை இருப்பின் மூன்றும் நிறைவேற்றலாம் என 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. கிறிஸ்து பிறப்பு நாளுக்கோ மூன்று திருப்பலி என்பது தொன்றுதொட்டு வரும் தனி மரபு. இரவில் ஒன்று, விடியலில் ஒன்று, பகலில் ஒன்று. ஒவ்வொன்றும் அதற்குரிய வேளையில் நிகழ வேண்டும். தலைமை ஆலயத்தில் இரவுப் பூசை, பல மைல் சுற்றளவில் கிளைக் கிராமங்கள், ஒரே குருவானவர், ஒரே வாகனம். கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்த ஊருக்கு எப்போது என்பதில் அவருக்கே தலை சுற்றுகிறது.

"விடியற்காலைப் பூசை இதுவரை ஓர் ஊருக்கே போய்க்கொண்டிருக்கிறது. இவ்வாண்டு முதல் அதை ஊர் மாற்றி ஊர் கொடுக்க எண்ணுகிறேன். ஐந்தரை மணிக்குப் பூசை. குளிரில் எழுந்து வருவீர்களா?" என்று சுவாமி அவர்கள் கேட்டார்கள்.

"வருவோம் சாமி" என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னோம். பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞர் மட்டும், "அப்போது இருபத்துநாலாம் தேதி இரவு நம் கோவில் பூட்டியா கிடக்கும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியே இம்மடல் முழுவதற்கும் வித்து.

குரு இல்லாத இடத்தில் மக்கள் கூடி இறைவார்த்தை வழிபாடு நடத்துவதைத் திருச்சபை பரிந்துரைக்கின்றது. அதை நாம் அறிந்தே இருந்தோம். அறிந்திருந்தும் சென்ற ஆண்டுகளில், கிறிஸ்து பிறப்பு இரவில் வசதியுள்ளோர் மோட்டார் வாகனங்களில் தலைமை ஆலயத்துக்குப் போய்விட, கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் மட்டுமே இங்கே விளக்கேற்றி வைத்துக்கொண்டு இருந்தனர். பூட்டிக் கிடந்தது என்று சொல்வதில் பெரும்பிழை இல்லை.

குடவோலையும் சீட்டும்

எனவே, டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவும் ஆலயத்தில் நவநாள் வழிபாடு நடத்துவது என முடிவாயிற்று. நடத்துவது யார்? வழக்கமாக ஆலயக் குழுவினராகிய நாமே எதையும் எடுத்துக் கட்டிக்கொண்டு செய்வோம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருப்பர். இம்முறை கல்லூரியில் வரலாறு பயிலும் நம் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, "உத்திரமேரூரில் இருந்துகொண்டு நாம் ஏன் குடவோலை போடக்கூடாது?" என்றாள்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். கூடியிருந்த பூசகருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் எடுப்பான். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். கையில் வேறு ஓலை மறைத்து வைக்கவில்லை என எல்லோரும் காணவே அந்த விரித்த கை. ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பணிக்காலம் முந்நூற்று அறுபது நாள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய இவ்விதிகளைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கின்றோம். ஆனால் நமக்கும் அதற்கும் உறவு உண்டென்று எண்ணியதில்லை.

எண்ணாததற்குக் காரணமும் உண்டு. அது வேதியர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், தம் சொந்த மனையில் வீடு கட்டி இருப்பவராய், வேதம் கற்றவராய், முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்குட்பட்டவராய் இருந்தால்தான் பெயர் குடத்தில் விழும். நிலமில்லாதவர் பெயர் அதில் விழவில்லை. பெண்ணின் பெயரும் விழவில்லை. ஏரி வாரியத்தில் அமர்ந்தவர்கள் வேறு. தலைமுறை தலைமுறையாக நீர்க்கட்டிகளாக மதகைத் திறந்து, மடை மாற்றி, சேற்றில் நின்றவர்கள் வேறு. நம் முன்னோருள் பலர் இரண்டாம் வகுப்பினரே. இதை மனத்தாங்கலுடன் சொல்லவில்லை. பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கின்றோம்.

சீட்டுப் போடுவது நம் மறைக்குப் புதிதன்று. திருவருகைக் காலத்தில் நாம் கேட்கும் நற்செய்தியிலேயே, ஆலயத்தில் தூபம் காட்டும் பணி சக்கரியாவுக்குச் சீட்டு விழுந்ததால்தான் கிடைத்தது. யூதாசின் இடத்துக்கு மத்தியாசு வந்ததும் சீட்டின் மூலமே. சீட்டு என்பது "நான் செய்கிறேன்" என முந்துவோரையும் "என்னால் ஆகாது" எனப் பிந்துவோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் ஒரு வழி. ஆகவே இருபத்தேழு குடும்பங்களின் பெயரையும் எழுதிக் குடத்தில் இடுவது, நாளொன்றுக்கு மூன்று குடும்பமாக ஒன்பது நாளும் எல்லோருக்கும் முறை வருவது என ஏற்பாடு செய்தோம். எழுதியது குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமன்று. கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதினோம்.

யார் கணக்குக் காட்டவில்லை?

சீட்டு எழுதும்போதே சிக்கல் வந்தது. நம் ஊரில் ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகளாக ஆலயத்துக்கு வருவதில்லை. அக்குடும்பத்தார் பெயரை எழுத வேண்டுமா என்ற கேள்வி பிறந்தது. "வராதவர்களுக்கு எதற்கு முறை? பெயர் விழுந்து அவர்கள் வராமற்போனால் அந்த இரவு என்ன ஆவது?" என்று குழுவில் இருவர் வாதாடினர். அதில் நியாயம் இருப்பதாகவே நமக்கும் தோன்றிற்று.

அப்போது அந்தக் கல்லூரிப் பெண், "கல்வெட்டில் யாரைத் தள்ளச் சொல்லியிருக்கிறது தெரியுமா? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும், அவர் உறவினரையும் தள்ளச் சொல்லியிருக்கிறது" என்றாள். அவள் உள்நோக்கத்துடன் சொல்லவில்லை, படித்ததைச் சொன்னாள். ஆனால் குழுவில் ஒருவரும் பேசவில்லை. உபதேசியார் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்த ஊரில் கணக்குக் காட்டாதவர் யார்?" என்று மெல்லக் கேட்டார்.

நாம்தாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தோணியார் திருவிழாவுக்கு வசூலான தொகை 41,350 ரூபாய். எழுதி வைத்த செலவு 38,900. மீதி 2,450 ரூபாய் உண்டியலிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. திருவிழா முடிந்த ஞாயிறன்று கணக்கு வாசிப்பது வழக்கம். அவ்வாண்டு பொருளாளர் நோயுற்றிருந்ததால் தள்ளி வைத்தோம். அவர் இறைவனடி சேர்ந்த பின் மறந்தோம். மறந்தோம் என்பதைவிட மறக்க விரும்பினோம் என்பதே மெய். அந்தக் குடும்பத்துத் தம்பி ஒருநாள் கூட்டத்தில் எழுந்து மீதி எங்கே என்று கேட்டார். "கோவில் காரியத்தில் கணக்குக் கேட்க வந்துவிட்டாயா? சாமி குற்றம் ஆகும்" என்று நம்மில் ஒருவர் அதட்டினார். மற்றவர்கள் வாய்மூடி இருந்தோம். மறுவாரம் முதல் அக்குடும்பம் வரவில்லை. மழை விட்டும் தூவானம் விடாதது போல், பணம் மறந்து போயிற்று. அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு மாலை அமர்ந்து, காலஞ்சென்ற பொருளாளரின் வீட்டில் இருந்த பழைய கையேடுகளை வாங்கிப் பார்த்தோம். ஒரு பக்க ஓரத்தில் பென்சிலால் "ஜெனரேட்டர், டீசல்" என்று மட்டும் எழுதியிருந்தது, தொகை இல்லை. திருவிழா இரவில் மின்சாரம் நின்றதும், அவர் மழையில் நனைந்துகொண்டே ஓடி ஜெனரேட்டர் கொண்டுவந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நகரத்தில் அந்த வாடகைக் கடைக்காரர் தமது நாட்குறிப்பைப் புரட்டி 1,800 ரூபாய் பெற்றதாகக் காட்டினார். எஞ்சிய 650 ரூபாய் டீசலுக்காக இருக்கலாம். ஆனால் சீட்டு இல்லை. "இருக்கலாம்" என்பதைக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே குழுவினர் ஐவரும் ஆளுக்கு 130 ரூபாய் இட்டு அதை நிறைவு செய்தோம்.

பிறகு ஏட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பியின் வீட்டுக்கே சென்றோம். மாட்டுக் கொட்டகையில் புகை போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. நம்முள் மூத்தவர் நின்றபடியே கணக்கு முழுவதையும் வாசித்தார். வாசித்து முடித்து, "தம்பி, மூன்று வருடத்துக்கு முன் வாசித்திருக்க வேண்டியது. தவறு எங்களுடையது" என்றார்.

"அண்ணா, பணத்துக்காகவா நான் கேட்டேன்? அவர் கையாடினார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கேட்டால் சாமி குற்றம் என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள்" என்றார் அவர். உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். அதற்குமேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கு மறுபடியும் வாசிக்கப்பட்டது. அதட்டியவர் தாமே எழுந்து, தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கூறினார். அதன் பின்னரே இருபத்தேழு சீட்டுகளையும் குடத்தில் இட்டோம். முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி எடுத்தாள்; உபதேசியார் ஐயா விரல்களை விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசித்தார். இருபத்துநாலாம் நாளுக்கு விழுந்த மூன்று பெயர்களுள் ஒன்று அந்தத் தம்பியின் குடும்பம். இதைப் புதுமை என்று யாரும் எழுத வேண்டாம். இருபத்தேழில் ஒன்பதில் ஒரு வாய்ப்பு எவருக்கும் உண்டு. எனினும் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது ஆலயத்தில் எழுந்த அமைதியை நாம் மறக்கவில்லை.

குடில்

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிரெச்சியோ என்னும் சிற்றூரில் உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பை மக்கள் கண்முன் காட்டினார். அது பெருநகரமன்று, மலைச்சரிவில் ஓர் ஏழை ஊர். நம் பாலர் சபையார் ஏரிக் களிமண்ணும், கோரையும், வைக்கோலும் கொண்டு குடில் அமைத்தனர். பத்து நாட்களுக்கு முன்னரே தட்டுகளில் கேழ்வரகு முளைக்க வைத்திருந்ததால் குடிலைச் சுற்றி பச்சைப் பசேலென்று வயல் விளங்கிற்று. வழக்கமான இடத்தில் கூரை ஒழுகுவதால் இவ்வாண்டு குடிலை வாசற்பக்கம் மாற்றினோம். அதனால் ஒரு நன்மை விளைந்தது: தெருவில் போகும் பிற சமயத்துப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தனர். மாட்டுக்குக் கொம்பு இல்லையே என்று ஒரு சிறுவன் குறை சொல்ல, மறுநாளே கொம்பு முளைத்தது.

இரவும் விடியலும்

நவநாளின் முதல் இரவு வந்தோர் பத்தொன்பது பேர். மூன்றாம் இரவு வாசகம் வாசிக்க வேண்டிய குடும்பத்தில் யாருக்கும் எழுத்து தெரியாது; அவர்கள் செபமாலையை நடத்தினர்; பேத்தி வாசித்தாள். ஆறாம் இரவு மின்சாரம் நின்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முடித்தோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு இரவு முறை வேலைக்குச் செல்லும் நம் பெண்பிள்ளைகள் கம்பெனிப் பேருந்து வருமுன் ஐந்து நிமிடமாவது வந்து முழந்தாளிட்டுப் போயினர்.

இருபத்துநாலாம் நாள் இரவு பதினொரு மணி. தலைமை ஆலயத்துக்குச் செல்ல விரும்பியோரை நாம் தடுக்கவில்லை. ஆறு பேர் சென்றனர். இங்கே தொண்ணூறுக்கு மேல் கூடினர். அந்தத் தம்பி, மனைவி மக்களுடன் வந்தார். அவருடைய அண்ணன் வரவில்லை. அவர் மனம் இன்னும் ஆறவில்லை. உபதேசியார் ஐயா வழிபாட்டை நடத்த, தம்பியின் மனைவி வாசகம் வாசித்தார். பன்னிரண்டு மணிக்கு அவர்களின் கடைசிப் பையன் பாலன் சுரூபத்தை இரு கையாலும் ஏந்திச் சென்று வைக்கோல்மேல் வைத்தான். மணி அடித்தது. அப்பம் உடைக்கும் பலி இல்லை, நற்கருணை இல்லை, அந்தப் பசியுடனேயே வீடு சென்றோம். பசி தெரிந்தால்தானே விருந்தின் அருமை தெரியும்!

விடியற்காலை ஐந்து மணிக்கு மூடுபனியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பங்குத் தந்தை இரவுப் பூசை முடித்து, இரண்டு மணி நேரமே கண்ணயர்ந்து வந்திருந்தார்கள். விடியற்காலைத் திருப்பலிக்குரிய நற்செய்தி இடையர்கள் பெத்லகேமுக்குச் சென்று கண்ட பகுதி. அதனால் இதை இடையர் பூசை என்று சொல்வதுண்டு. சுவாமி அவர்களின் மறையுரை மூன்று நிமிடம்தான். வானதூதரின் செய்தி முதலில் கிடைத்தது இரவெல்லாம் வயல்வெளியில் விழித்துக் காவல் இருந்தவர்களுக்கு என்றும், ஏரிக்கரையில் மண்வெட்டியுடன் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை என்றும் கூறி முடித்தார்கள். இத்தனை ஆண்டுகளாக நமக்குக் கிடைக்கவில்லை என்று ஏங்கியது நள்ளிரவுப் பூசை. நமக்குப் பொருத்தமானதோ இந்த இடையர் பூசை என்று அன்று பலர் சொல்லக் கேட்டோம்.

அடுத்த ஆண்டு விடியற்காலைப் பூசை வேறொரு கிளைக் கிராமத்துக்குப் போகும். அது அவர்களுடைய முறை. மதகுத் தண்ணீர் போலத்தான். நம் வயல் நிறைந்ததும் மடையை மாற்றிவிட வேண்டும். இருபத்துநாலாம் இரவோ எந்த ஆண்டும் நம்முடையது. அதை எவரும் எடுத்துச் செல்ல முடியாது.

சில செய்திகள்

நம் சிற்றூரில் இம்மாதம் ஒரு பெண் குழந்தை திருமுழுக்குப் பெற்றது. தொண்ணூறு வயதுக்கு மேற்பட்ட பாட்டியம்மா ஒருவர் நோயிற்பூசுதல் பெற்று அமைதியாகக் கண்மூடினார். நவநாளின் இரண்டாம் இரவு தம் முறை வந்தபோது நாற்காலியில் தூக்கி வரச் சொல்லி வந்திருந்தார். அவர் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுங்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பத்தாம் வகுப்பில் இருவர் கணக்கில் பின்தங்கியுள்ளனர். கல்லூரிப் பிள்ளைகள் மூவர் சனிக்கிழமை மாலைகளில் ஆலய முற்றத்தில் பாடம் சொல்லித்தர முன்வந்துள்ளனர். எச்சமயத்துப் பிள்ளையும் வரலாம்.

கீதம் பாடிச் சென்ற இளைஞர் 9,270 ரூபாய் சேர்த்தனர். மழையில் சுவர் இடிந்த அடுத்த தெரு வீட்டுக்கு 4,000 கொடுத்தோம். அவர்கள் நம் மறையினர் அல்லர். எஞ்சிய 5,270 கூரைக்கு. கூரைக்கே முழுவதும் என்று சிலர் கருதினர்; கையுயர்த்திக் கேட்டதில் பெரும்பாலோர் சுவர் முதலில் என்றனர். கணக்கு ஆலயக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது.

2002இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது நம் செங்கற்பட்டு மறைமாவட்டம். 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமான பின் நாம் அரசுக் கணக்கில் காஞ்சிபுரம், திருச்சபைக் கணக்கில் செங்கற்பட்டு. எங்கே எந்த முகவரி எழுதுவது எனப் பிள்ளைகள் தடுமாறுவதால் இதை எழுதி வைக்கின்றோம்.

விண்ணப்பம்

கிளைக் கிராமத்துக் குடும்பங்களே! உங்கள் ஆலயத்திலும் வாசிக்கப்படாத கணக்கு ஒன்று இருக்கக்கூடும். தொகை சிறியதாக இருக்கலாம். கேட்டவரை அதட்டியது பெரியதாக இருக்கும். பிறக்கின்ற பாலனுக்குக் குடில் கட்டுமுன் அந்த ஏட்டைத் திறந்து வாசியுங்கள். வாசித்தபின் எல்லார் பெயரையும் குடத்தில் இடுங்கள்.

தைப் பொங்கலன்று புது நெல்லை ஆலயத்தில் மந்திரிக்கும் வழக்கம் தொடரும். பெப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில் மெழுகுவத்திகள் மந்திரிக்கப்படும். சென்ற ஆண்டு எஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்தால் உருக்கிப் புதிதாக வார்க்கலாம். நவரை நாற்று நடவு அவ்வாரமே தொடங்குவதால் வழிபாடு இருட்டும் முன் முடியும். வராத அந்த அண்ணன் வீட்டுக்கு மெழுகுவத்தி ஒன்று கொண்டுபோக அவர் தம்பியே கேட்டிருக்கிறார். எடுத்து வைத்திருக்கின்றோம்.

ஏரி நிறைந்திருக்கின்றது. அடுத்த மடலில் சந்திப்போம்.